ஆடிக் காற்றில் உலர்த்திய இத்தாலியன் சீசனிங்

பாஸ்தாவில் தூவுகிற இந்த உலர்ந்த இலைக் கலவையைப் போன ஐப்பசியில் முதல் தடவை செய்தபோது பாட்டிலுக்குள் பூஞ்சை பிடித்து மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. இந்த ஆடியில் மறுபடி செய்தேன், நன்றாக வந்திருக்கிறது. பாட்டிலைத் திறந்தால் பக்கத்து அறையில் இருக்கிறவர் என்ன சமையல் என்று கேட்கிறார். இடையில் ஒன்பது மாதம் செடி வளர்த்து, கெடுத்து, திரும்ப நட்டுக் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வீடு நாகமலைப் புதுக்கோட்டையில், மாடியில் வெயிலுக்கும் தூசிக்கும் குறைவில்லை. மதுரையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

எதற்கு இந்த வேலை என்றால், கடையில் வாங்கிய பாட்டில்தான் காரணம். மகளுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது பாஸ்தாவோ பன்னீரோ பிரெட் டோஸ்ட்டோ நடக்கும். அதற்குத் தூவ வாங்கியதைத் திறந்தால் வைக்கோல் வாசம். இலை பழுப்பாக, கையில் தேய்த்தாலும் ஒன்றும் வரவில்லை. எப்போது உலர்த்தியதோ, எத்தனை நாள் கடை விளக்கு வெளிச்சத்தில் நின்றதோ.

இத்தாலியன் சீசனிங் என்று விற்பதில் பெரும்பாலும் ஒரேகனோ, பேசில், மார்ஜோரம், தைம், ரோஸ்மேரி இருக்கும், சிலதில் சேஜ் சேர்ப்பார்கள். இத்தாலியில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கலவை கிடையாது. அங்கே உலர்த்திப் பயன்படுத்துவதில் முதல் இடம் ஒரேகனோவுக்குத்தான், தக்காளியும் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் தூவுவது அதைத்தான். பேசிலைப் பச்சையாகத்தான் விரும்புவார்கள். கலவையாகப் பாட்டிலில் அடைத்தது அமெரிக்கக் கடைப் பழக்கம். அதனால் இதில் இன்னது இத்தனை பங்கு என்று மாற்ற முடியாத விதி எதுவும் இல்லை, நம் மூக்குக்குப் பிடித்த மாதிரி கூட்டிக் குறைக்கலாம்.

இந்த ஐந்தும் துளசிக் குடும்பத்துச் செடிகள்தான். அது தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது.

முதலில் ஒரேகனோ. ஒரு நர்சரியில் ஒரேகனோ என்று சொல்லி 80 ரூபாய்க்குக் கொடுத்த தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், தடித்த, மெத்தென்ற, ஓரம் வெட்டுவெட்டாக இருந்த இலை. அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார், "ஏத்தா, இது கற்பூரவல்லி, சளிக்குக் கசாயம் போடுறது, இதுக்கா காசு குடுத்த?" என்று. வாசம் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரேகனோவுக்கு அந்தக் காரமான வாசத்தைத் தருவது கார்வக்ரால் என்கிற எண்ணெய்ப் பொருள், அது கற்பூரவல்லியிலும் உண்டு. தைமில் உள்ள தைமால் நம் ஓமத்தில் நிறையவே இருக்கிறது. வெளிநாட்டில் கற்பூரவல்லிக்கே கியூபா ஒரேகனோ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் உலர்த்துவதற்கு அது ஆகவே ஆகாது. இலை முழுக்கத் தண்ணீர். ஐப்பசியில் நான் உலர்த்தியது இதைத்தான், அதுவும் மழைக்காலத்தில். ஒன்பது நாள் கழித்தும் தண்டுப் பக்கம் பிசுபிசுப்பு போகவில்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததை நம்பி மற்ற இலைகளோடு கலந்து மூடினேன். பத்தாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. ஒரு இலையின் ஈரம் ஐந்தையும் கெடுத்துவிட்டது. கற்பூரவல்லியைப் பச்சையாகப் பொடிப்பொடியாக அரிந்து தக்காளி சாஸில் போடுங்கள், அருமையாக இருக்கும், உலர்த்த மட்டும் வேண்டாம்.

நிஜமான ஒரேகனோ கன்று சித்திரையில் கொடைக்கானல் போனபோது கிடைத்தது. சின்ன இலை, முட்டை வடிவம், மெல்லிய தண்டு. மலைச் செடியைச் சித்திரை வெயிலில் கீழே இறக்குகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. முருங்கை நிழலில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் வைத்தேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் துவண்டது, ஆனி பிறந்ததும் பரவ ஆரம்பித்துவிட்டது.

மார்ஜோரம் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. அது நம் மரு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற அதே மரு! நான் போய் நின்றதும் பூக்கார அக்கா, "மருவாக்கா, மரிக்கொழுந்தாக்கா?" என்று கேட்டார். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரிக்கொழுந்து வெள்ளி நிறத்தில் நறுக்கி விட்ட மாதிரி இலை, அது வேறு செடி. மருவின் இலை சின்னதாக, வட்டமாக, சாம்பல் பூத்த பச்சையில், தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். சிறுவயதிலிருந்து தலையில் வைத்த வாசம், இதைச் சாப்பிடலாம் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூ மார்க்கெட்டில் வாங்கிய மருவை நேராக உணவில் போடாதீர்கள். அது பூவோடு பூவாக விற்பதற்காக வளர்ப்பது, தின்பதற்காக வளர்த்தது இல்லை, என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் தை மாதம் இரண்டு கட்டு வாங்கி, நல்ல தண்டாகப் பார்த்து இருபதை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு ஈர மணலில் ஊன்றினேன். மூன்று வாரத்தில் பதினொன்று வேர் பிடித்தது. அதைத் தொட்டிக்கு மாற்றி, புதிதாக வந்த தளிரை ஒரு முறை வெட்டிப் போட்டுவிட்டு, அதற்கடுத்து வளர்ந்ததைத்தான் சமையலுக்கு எடுத்தேன்.

பேசிலுக்கு விதை மளிகைக் கடையிலேயே இருக்கிறது. ரோஸ்மில்க்கில் போடும் சப்ஜா விதைதான், செடியின் பெயர் திருநீற்றுப்பச்சிலை. மாசியில் ஒரு ஸ்பூன் விதையைத் தூவினேன், ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. நம் ஊர் வகையில் சோம்பு வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பாஸ்தாவுக்கு இனிப்பான வாசம்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்வீட் பேசில் என்று எழுதிய விதைப் பாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு நம் ஊர் வகையே போதுமாக இருந்தது. துளசியைப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். துளசி உலர்ந்தால் கிராம்பு வாசம் மேலே ஏறி நிற்கும், கசாயம் நினைவுதான் வரும்.

ரோஸ்மேரியும் தைமும் என் மாடியில் நிற்கவில்லை. இரண்டு முறை வைத்து இரண்டு முறையும் வேர் அழுகிவிட்டது. இப்போது முடி வளர ரோஸ்மேரித் தண்ணீர் என்று எல்லோரும் தேடுவதால் நாட்டு மருந்துக் கடையிலேயே உலர்ந்த ரோஸ்மேரி கிடைக்கிறது. வாங்கும் முன் நாலு இலையை உள்ளங்கையில் நொறுக்கி முகர்ந்து பாருங்கள், வாசம் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எனக்குப் பச்சையாகத்தான் வேண்டும் என்றிருந்ததால், வீட்டுக்காரர் வேலையாக வத்தலக்குண்டு வரை போகிறவர் கொடைக்கானலிலிருந்து இறங்கும் ஒருவரிடம் சொல்லி வைத்து இரண்டிலும் 100 கிராம் வாங்கி வந்தார். பாலிதீன் பையில் போடாமல் நியூஸ் பேப்பரில் சுற்றித் துணிப்பையில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பாலிதீனில் வேர்த்து, வீடு வந்து சேருவதற்குள் இலை கறுத்துவிடும்.

சரி, உலர்த்தும் வேலைக்கு வருகிறேன். மொத்தத்தில் முக்கியமான பகுதி இதுதான்.

முன்பு சின்னதாக ஒரு பரீட்சை செய்து பார்த்திருந்தேன். வைகாசியில் ஒரு கைப்பிடி திருநீற்றுப்பச்சிலையை மாடி வெயிலில் நேராகப் பரப்பினேன், வத்தல் போடுகிற மாதிரி. நாலே மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிட்டது, ஆனால் நிறம் வெளுத்து, கையில் தேய்த்தால் வெறும் தூசி. வாசம் மொட்டை மாடி முழுக்கப் பரவியிருந்தது, இலையில் இல்லை. இந்த இலைகளின் வாசமெல்லாம் எளிதில் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. சூடு கூடினால் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் போய்விடும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வத்தல் வேற, இலை வேற. முருங்கைக்கீரை, கருவேப்பிலை எல்லாம் வெயில்லயா போடுறோம், நெழல்ல காத்தாட விடு" என்றார். எங்கள் பக்கம் பொடிக்கு உலர்த்துவதெல்லாம் அப்படித்தான். சித்த மருந்துக் குறிப்புகளிலும் இலை என்றால் நிழலில் உலர்த்தி என்றுதான் வரும்.

அதனால்தான் ஆடி வரை பொறுத்தேன். அம்மியையே பறக்கவிடும் என்று சொல்லும் அந்தக் காற்று, நிழலில் உலர்த்துவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மழை இல்லாத வறண்ட காற்று பகல் முழுக்க அடிக்கிறது. அதே காற்றில் தூசியும் வருவதால் மாடியில் வைக்காமல், மேற்கு ஜன்னல் இருக்கும் அறையில் நார்க்கட்டிலைப் போட்டு, அதன்மேல் துவைத்த பழைய வேட்டியை விரித்தேன். நார்க்கட்டிலில் அடியிலிருந்தும் காற்று ஏறும், தட்டில் பரப்பினால் அது கிடைக்காது. மேலே கொசுவலைத் துணி ஒரு சுற்று.

ஆடி இரண்டாம் சனிக்கிழமை காலை பனி ஈரம் போனதும், வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினேன். பூ மொட்டு தலைகாட்டுகிற பருவத்தில் இலையில் எண்ணெய் அதிகம், பூத்து முடிந்த பிறகு குறைந்துவிடும். முதல் நாள் மாலையே செடியின் மேல் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டதால் வெட்டிய பிறகு ஒரே ஒரு அலசல்தான். அலசியதைப் பருத்தித் துண்டில் பரப்பி ஒற்றி எடுத்தேன்.

எடை போட்டு எழுதி வைத்திருக்கிறேன். திருநீற்றுப்பச்சிலை இலை மட்டும் 210 கிராம், மரு தண்டோடு 160, ஒரேகனோ தண்டோடு 120, தைமும் ரோஸ்மேரியும் 100, 100. ஆக 690 கிராம்.

தைம், ரோஸ்மேரி, ஒரேகனோ, மரு நாலையும் சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி அறைக்குள் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். நூலில் கட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடுங்கள். காயக் காயத் தண்டு சுருங்கும், நூல் தளர்ந்து கொத்து உதிர்ந்துவிடும், ரப்பர் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கொத்தும் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் வேண்டாம், நடுவில் காற்று போகாது.

திருநீற்றுப்பச்சிலைக்குத்தான் தனிக் கவனம். அதை இலை இலையாகக் கிள்ளி ஒன்றின்மேல் ஒன்று படாமல் வேட்டியில் பரப்ப வேண்டும். கசக்கினாலோ, நகம் பட்டாலோ, குவித்து வைத்தாலோ கறுத்துவிடும். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. இலையின் உள்ளே இருக்கும் நொதி, காயம் பட்ட இடத்தில் காற்றோடு சேர்ந்ததும் நிறத்தை மாற்றிவிடுகிறது. மகளும் நானும் உட்கார்ந்து கிள்ள ஒன்றரை மணி நேரம் ஆனது. காலையும் மாலையும் ஒவ்வொரு முறை திருப்பிவிட்டேன். இரவில் ஜன்னலை மூடி ஃபேன் மட்டும்.

தைம் மூன்றாம் நாளே முடிந்தது. மருவும் ஒரேகனோவும் நாலாம் நாள். திருநீற்றுப்பச்சிலை இலை பார்க்க மூன்றாம் நாளே காய்ந்த மாதிரி இருந்தது, ஆனால் நடு நரம்பை மடக்கினால் வளைந்தது. ஐந்தாம் நாள்தான் பட்டென்று ஒடிந்தது. ரோஸ்மேரி ஆறு நாள். போன தடவை நான் தவறியது இங்கேதான்: எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு இலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, தனித்தனியாக உலர்த்தி, தனித்தனியாகச் சோதித்து, கடைசியில்தான் ஒன்றாகக் கலக்க வேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் சுட்ட அப்பளம் மாதிரிச் சத்தம் வரவேண்டும், அந்தச் சத்தம் வராதது இன்னொரு நாள் கிடக்கட்டும்.

உலர்ந்த கொத்தை ஒரு முறத்தின்மேல் பிடித்து, நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலை இழுத்தால் இலை உதிர்ந்து தண்டு கையில் நிற்கும். அப்புறம் இரண்டு புடை புடைத்தால் குச்சி மேலே வந்துவிடும். தைம் குச்சி ஊசி மாதிரி இருக்கும், அதை மட்டும் பொறுமையாகப் பொறுக்குங்கள், குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்றால் இன்னும் கவனமாக. கடைசி எடை: திருநீற்றுப்பச்சிலை 24, மரு 22, ஒரேகனோ 17, தைம் 16, ரோஸ்மேரி 24. மொத்தம் 103 கிராம். 690 கிராமுக்கு இவ்வளவுதானா என்று மகள் கேட்டாள். போனதெல்லாம் தண்ணீரும் தண்டும்தான், தூவும்போது பச்சை இலைக்குப் போடுகிற அளவில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் போதும்.

உடனே கலக்கவில்லை. ஐந்தையும் ஐந்து கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே எங்காவது ஈரம் மிச்சம் இருந்தால் கண்ணாடியின் உட்பக்கம் மங்கலாக வேர்க்கும். மூன்றாம் நாள் ரோஸ்மேரி பாட்டில் லேசாக வேர்த்தது. திறந்து கொட்டி இன்னும் ஒன்றரை நாள் காற்றாட விட்டேன். ஐப்பசியில் இந்த ஒரு வாரத்தைச் செய்திருந்தால் அந்தப் பூஞ்சை வந்திருக்காது.

கலந்த அளவு இது: ஒரேகனோ 3 ஸ்பூன், திருநீற்றுப்பச்சிலை 3, மரு 2, தைம் ஒன்றரை, ரோஸ்மேரி 1. ரோஸ்மேரியை மட்டும் இடிகல்லில் தனியாக நொறுக்கிப் போட்டேன், முழுசாகப் போட்டால் பல்லில் முள் மாதிரி மாட்டும். அதன் அளவைக் கூட்டவும் வேண்டாம், இயல்பாகவே அதில் கற்பூரம் இருக்கிறது, ஒரு ஸ்பூன் கூடினாலும் பூஜை அறை வாசம் வந்துவிடும். மற்ற இலைகளை மிக்ஸியில் போடவில்லை, கையால் லேசாக நொறுக்கியதோடு சரி. பொடித்துவிட்டால் எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும், சமைக்கும்போது உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் போடுவதுதான் நல்லது. தைம் கிடைக்காதவர்கள் கால் ஸ்பூன் ஓமத்தை லேசாக இடித்துச் சேர்க்கலாம். செய்து பார்த்தேன், கிட்டத்தட்ட வருகிறது. கால் ஸ்பூனுக்கு மேல் போனால் ஓமத் தண்ணீர்தான்.

உப்பு, பூண்டு, மிளகாய் மூன்றையும் இதில் கலக்கவில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உலர்ந்த பூண்டும் அப்படியே. கொடைக்கானல் மலைப்பூண்டை மெல்லிசாக அரிந்து மூன்று நாள் வெயிலில் போட்டு நொறுக்கித் தனி பாட்டிலில் வைத்திருக்கிறேன். அதற்கு வெயில்தான் சரி, இலைக்குச் சொன்ன கணக்கு பூண்டுக்கு இல்லை. ராமநாதபுரம் முண்டு வத்தலைக் கொரகொரப்பாக இடித்து மிளகாய்த் தூவலுக்கு இன்னொரு பாட்டில். தட்டில் போடும்போது மூன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். இந்த இலைகளைப் பச்சைப் பூண்டோடு எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு கிடந்தால் பொட்டுலிசம் என்கிற நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும், அது உயிருக்கே ஆபத்து. வேண்டுமென்றால் அன்றைக்குச் செய்து அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

பாட்டில் அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கிறது. கொதிக்கிற சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தூவுவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம், அந்த ஆவி உள்ளே போனால் இத்தனை வேலையும் வீண். உள்ளங்கையில் கொட்டி, அங்கிருந்து போடுகிறோம். பச்சை இலையைக் கடைசியில் போடுவோம், உலர்ந்ததை அப்படிச் செய்தால் இலை சப்பென்று நிற்கும். நாட்டுத் தக்காளியை வதக்கும்போதே போட்டு, எண்ணெயிலும் தக்காளிச் சாறிலும் இருபது நிமிடம் ஊற விட்டால்தான் வாசம் விரிகிறது. உருளைக்கிழங்கு வறுவலில் மட்டும் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு ஸ்பூன் தேய்த்துப் போடுங்கள். மகள் ஊத்தப்பத்தில் வெங்காயத்தோடு தூவுகிறாள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆறு மாதம் வரை வாசம் தாங்கும் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாட்டில் எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு முறை கண்ணாடியைப் பார்ப்பேன். மருவும் ஒரேகனோவும் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்த்துவிட்டன. இரண்டு திருநீற்றுப்பச்சிலைச் செடிகளை வெட்டாமல் பூக்க விட்டிருக்கிறேன், கதிர் பழுத்ததும் உதிர்த்து எடுத்து வைத்தால் மாசி விதைப்புக்கு ஆகும்.